ஒநேசிமு அவனா, அவரா?

எங்கள் வீட்டில் இரண்டு பைபிள்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று என் மகன் கிண்டல் செய்வான். நான் பிறந்தது சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பம், வாழ வந்தது ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். என் கையில் பரிசுத்த வேதாகமம், அத்தை கையில் திருவிவிலியம். நான் தேவன் என்பேன், அத்தை கடவுள் என்பார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள் எனக்கு லெந்து, அவருக்குத் தவக்காலம். நான் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தைத் தேடும்போது அவர் பிலமோனுக்கு எழுதிய திருமுகத்தை எடுத்து வைத்திருப்பார். 26 வருடமாக இதை ஒரு தொந்தரவாகத்தான் நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். இரண்டு சபைக்காரர்களும் உண்டு, எந்தச் சபையும் இல்லாதவர்களும் உண்டு. போன வருடம் லெந்து நாட்களில் ஒரு வாரம் பேசுகிற முறை எனக்கு வந்தது. சின்னதாக இருக்கிறதே என்று பிலேமோனை எடுத்தேன். மொத்தம் 25 வசனம், மூலமான கிரேக்கத்தில் 335 சொல். சிறையில் இருக்கும் பவுல் என்ற கிறிஸ்துவின் தூதர், பிலேமோன் என்ற எஜமானுக்கு, ஒநேசிமு என்ற அடிமைக்காகப் பரிந்து எழுதிய கடிதம். ஞாயிறு பள்ளியில் கேட்டபடியே கதையைச் சொன்னேன். ஒநேசிமு எஜமானின் பணத்தைத் திருடிக்கொண்டு ரோமாபுரிக்கு ஓடிப்போனான், அங்கே பவுலைப் பார்த்து மனந்திரும்பினான், பவுல் திருப்பி அனுப்பினார்.

காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிற ஆயா ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. காது மட்டும் பயங்கரக் கூர்மை.

"திருடினான்னு அதுல கீதாம்மா?" என்றார்.

இருக்கிறதே ஆயா என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன்.

"படி. நான் கேக்குறேன்."

25 வசனத்தையும் சத்தமாகப் படித்தேன். மூன்று நிமிடம்தான் ஆனது. திருடினான் என்று எங்கேயும் இல்லை. ஓடிப்போனான் என்று இல்லை. ரோமாபுரி என்ற பேரே இல்லை. இருந்ததெல்லாம் 18ஆம் வசனம்: "அவன் உமக்கு யாதொரு அநியாயஞ்செய்ததும், உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்."

"உண்டானால்னு தானே கீது? உண்டுன்னு இல்லியே. நான் வூட்டு வேலை செஞ்ச காலத்துல ஒரு டம்ளர் காணாப்போனா மொதல்ல என் மடியத்தான் அவுத்துப் பாப்பாங்க. நீயும் அத்தத்தான் செஞ்சிட்ட."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 40 வருடமாகத் தெரிந்த கதை, புத்தகத்தில் இல்லை. திருடினான், ஓடினான் என்பதெல்லாம் விளக்கவுரைகளும் பிரசங்கங்களும் சொல்லிச் சொல்லி ஊறியது. அப்படி நடந்திருக்கலாம். எஜமானோடு ஏதோ தகராறாகி, அவருக்குத் தெரிந்த பெரிய மனிதரிடம் சமரசம் தேடிப் போயிருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. கடிதம் இரண்டையும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து முறையாகப் படிக்கத் தொடங்கினேன். தொடக்கமே சொதப்பல். போனில் ஒரு செயலியை இறக்கி, கண்ணில் பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையெல்லாம் திறந்தேன். ஒரே வசனம் பதினைந்து விதமாக வந்தது, ஒரு மாதத்தில் தலை சுற்றியதுதான் மிச்சம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கிரேக்கப் பதிப்பிலிருந்து, ஒன்றையொன்று பார்த்துத் திருத்தி வந்தவை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்து ஒரே பேச்சைப் பேசினால் அது பத்து சாட்சி ஆகாது.

நான் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எனக்குத் தெரிந்த ஒரே ஆராய்ச்சிக் கருவி லெட்ஜர். ஒரு நீள லெட்ஜர் வாங்கி, பக்கத்தை மேலிருந்து கீழாக ஐந்து பத்தியாகப் பிரித்துக் கோடு போட்டேன். முதல் பத்தி பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்து, 1871இல் முழுமையாக வந்த பதிப்பு, இன்றைக்கும் எங்கள் சபைகளில் படிப்பது. இரண்டாவது, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, அத்தையுடையது. மூன்றாவது 1611இன் கிங் ஜேம்ஸ். நான்காவது ஒரு புதிய ஆங்கிலப் பதிப்பு. ஐந்தாவது, கிரேக்கச் சொல்லுக்குக் கீழேயே பொருள் போட்ட வரிக்கு வரி பதிப்பிலிருந்து எடுத்தது. கிரேக்க எழுத்து 24தான், இரண்டு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிடும். இலக்கணம் எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் நடிக்கவும் கூடாது. ஆனால் ஒரே சொல் இரண்டாம் முறை வந்திருக்கிறதா என்று பார்க்க எழுத்து தெரிந்தால் போதும்.

எல்லாவற்றையும் கையால்தான் எழுதினேன். அதில் ஒரு லாபம் உண்டு. அச்சிட்ட புத்தகத்தில் மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு இருக்கும், முன்னால் அறிமுகம் இருக்கும், நடுவில் பத்திப் பிரிவு இருக்கும். இதெல்லாம் பதிப்பித்தவர்கள் போட்டது. கையால் எழுதும்போது வசனம் மட்டும் வரும். நான் ஏமாந்த திருட்டுக் கதை நுழைந்த வழியே அந்தத் தலைப்பும் அறிமுகமும்தான் என்று அப்போது புரிந்தது.

எழுதி முடித்ததும் ஐந்து பத்தியும் ஒத்துப்போகிற வரிகளைத் தொடவில்லை. பிரிகிற இடங்களில் மட்டும் சிவப்பு மையில் புள்ளி வைத்தேன். கணக்கிலும் அப்படித்தான், டேலி ஆகிற வரியில் யாரும் நேரம் செலவழிப்பதில்லை.

முதல் சிவப்புப் புள்ளி அடிமை என்ற சொல்லுக்கு விழுந்தது. கிரேக்கத்தில் தூலோஸ். 16ஆம் வசனத்தில் கிங் ஜேம்ஸ் அதை வேலைக்காரன் என்று பொருள்படும் சொல்லால் மழுப்பிவிடுகிறது. பழைய தமிழோ மழுப்பவில்லை: "இனிமேல் அவன் அடிமையானவனாக அல்ல, அடிமையானவனுக்கு மேலானவனாகவும் பிரியமுள்ள சகோதரனாகவும்..." எனக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் பெருமை பொங்கியது. சரி, இதே தூலோஸ் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்கப்போனேன். ரோமருக்கு எழுதின நிருபத்தின் முதல் வரியில் பவுல் தன்னையே தூலோஸ் என்கிறார். அங்கே பழைய தமிழ் 'ஊழியக்காரன்' என்கிறது, அத்தையுடையதில் 'பணியாளன்'. கொலோசெயருக்கு எழுதினதில் வீட்டு அடிமைகளைப் பார்த்துப் பேசும் இடத்தில் பழைய தமிழ் 'வேலைக்காரரே' என்று கூப்பிடுகிறது. ஒரே சொல். இந்த மூன்று இடத்தில் பவுலுக்கு ஊழியக்காரன், வீட்டு அடிமைகளுக்கு வேலைக்காரர், ஒநேசிமுக்கு மட்டும் அடிமை. பொங்கிய பெருமை அப்படியே அடங்கியது.

இதைக் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் சைவர், நெற்றி நிறைய நீறு. "ஏம்மா, அடிமைன்னா நம்ம பக்தியில கேவலமா? சுந்தரர் கதை தெரியாதா?" என்று தொடங்கிவிட்டார். கல்யாணப் பந்தலில் கிழவர் வேடத்தில் சிவபெருமான் வந்து நிற்கிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இதோ, நீ எனக்கு ஆள் என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அங்கே மூல ஓலையைக் காட்டிக் கிழவர் ஜெயிக்கிறார். "கடவுளுக்கு அடிமைன்னா அது பட்டம். அடியார், அடியேன் எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதானே? உங்க பவுலை அடியேன்னு போட்டிருந்தா ஒரே சொல்லாப் போயிருக்குமே!" என்றார். அசந்துபோனேன். பவுல் 'கிறிஸ்துவின் அடியேன்', ஒநேசிமு பிலேமோனின் 'அடிமை' என்று வந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே வேர்ச்சொல்லில் நிற்பது தமிழ்க் காதுக்குக் கேட்டிருக்கும். லெட்ஜரில் ஆறாவது பத்தி ஒன்று போட்டு, 'என் தமிழ்' என்று பேர் வைத்தது அன்றைக்குத்தான். நாமே ஒரு வரி மொழிபெயர்த்துப் பார்க்காத வரைக்கும் மொழிபெயர்ப்பாளர் எங்கே திணறினார் என்பது தெரியாது.

இரண்டாவது புள்ளி குடல். கிங் ஜேம்ஸ் 12ஆம் வசனத்தில் ஒநேசிமுவை 'என் குடல்' என்கிறது, சிரிக்காதீர்கள். கிரேக்கத்தில் ஸ்ப்லாக்னா, வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள். அன்பும் இரக்கமும் அங்கே பிறப்பதாக அந்தக் காலத்துப் பேச்சு. இந்தச் சொல் இந்தச் சின்னக் கடிதத்தில் மூன்று தடவை வருகிறது. 7இல், பரிசுத்தவான்களின் உள்ளங்கள் உம்மால் இளைப்பாறின என்று பிலேமோனைப் பாராட்டுகிறார். 12இல், ஒநேசிமுதான் என் உள்ளம் என்கிறார். 20இல், என் உள்ளத்தை இளைப்பாறப்பண்ணும் என்று கேட்கிறார். முதலில் புகழ்ச்சி, நடுவில் முடிச்சு, கடைசியில் இழுப்பு. ஊராரின் உள்ளத்தையெல்லாம் குளிரவைக்கிற மனுஷன் நீர், இவன் என் உள்ளம், இப்போது என்ன செய்யப்போகிறீர்? பழைய தமிழ் மூன்று இடத்திலும் உள்ளம் என்றே வைத்திருப்பதால்தான் இந்த நூல் அறுந்துபோகாமல் கையில் கிடைத்தது. நடை அழகுக்காக ஓரிடத்தில் உள்ளம், ஓரிடத்தில் இதயம், ஓரிடத்தில் மனம் என்று மாற்றியிருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். அதனால் எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, மூலத்தில் ஒன்றாக இருக்கும் சொல் இங்கேயும் ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான்.

வியாழக்கிழமை கூட்டத்தில் குடல் கதையைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். ஆயா சிரிக்கவில்லை. "பெத்த வயிறுன்னு சொல்லுவோமே, அதானே?" என்றார்.

அதேதான். இரண்டு வசனம் முன்னால் பவுல், "கட்டப்பட்டிருக்கையில் நான் பெற்ற என் மகனாகிய ஒநேசிமு" என்கிறார். சிறையில் கிடந்தபடி பெற்ற பிள்ளை. தமிழில் அப்பாவும் பெற்றவர்தான், அம்மாவும் பெற்றவர்தான். 10இல் பெற்ற பிள்ளை, 12இல் பெற்ற வயிறு. ஆறாவது பத்தியில் ஆயா சொன்னதை எழுதி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டேன். படிப்பறிவு இல்லாதவர் என்ன சொல்லிவிடப்போகிறார் என்று மனசுக்குள் நினைத்திருந்ததற்கு அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

வாய்விட்டுப் படிப்பது எப்படியும் நல்லது. இது கூடியிருந்த சபைக்கு நடுவில் படிக்க எழுதிய கடிதம். பெயருக்குத்தான் பிலேமோனுக்கு, இரண்டாம் வசனத்திலேயே "உம்முடைய வீட்டிலே கூடுகிற சபைக்கும்" என்று வந்துவிடுகிறது. ஊர் கேட்கப் படிக்கும்போது பிலேமோன் முடியாது என்று சொல்வாரா? ஒவ்வொரு வசனமாகப் போனில் தள்ளித் தள்ளிப் படித்தால் இந்த நெருக்கடி தெரியாது.

அதே இரண்டாம் வசனத்தில் இன்னொரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. பழைய தமிழில் "பிரியமுள்ள அப்பியாள்", புதியவற்றில் "சகோதரி அப்பியா". இது மொழிபெயர்த்தவர் செய்தது இல்லை, கையெழுத்துப் பிரதிகளே இரண்டு விதம். பழமையான பிரதிகளில் சகோதரி என்று இருக்கிறது. சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் வந்த பிரிவா, பிரதியில் இருந்த பிரிவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நான் இரண்டு வாரம் வீணாக அலைந்தேன். புதிய பதிப்பின் அடிக்குறிப்பைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

பேரிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒனேசிமோஸ் என்றால் கிரேக்கத்தில் பயனுள்ளவன். அடிமைகளுக்குச் சகஜமாக வைக்கும் பேர். நம் ஊரில் முதலாளி வேலைக்காரப் பையனின் பேரைக் கேட்காமலே ஒரு பேர் வைத்துக் கூப்பிடுவாரே, அந்த மாதிரி. பவுல் இதை வைத்து 11இல், முன்னே அவன் உமக்குப் பிரயோஜனமில்லாதவன், இப்பொழுது உமக்கும் எனக்கும் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். பேரின் பொருள் தெரியாத தமிழ் வாசகருக்குப் பாதி விளையாட்டு போய்விடுகிறது. ஆனால் 20இல் "உம்மாலே எனக்குப் பிரயோஜனமுண்டாகட்டும்" என்று பழைய தமிழ் அதே சொல்லை மறுபடி கொண்டுவருகிறது. கிரேக்கத்தில் அங்கே வரும் வினைச்சொல் ஒநேசிமுவின் பேரோடு ஒலிக்கிற சொல். அதாவது, இப்போது நீர் எனக்கு ஒரு ஒநேசிமுவாக இரும் என்று எஜமானிடமே சொல்கிற மாதிரி.

இதில் நான் கொஞ்சம் ஆடிவிட்டேன். பிரயோஜனமுள்ளவன் என்பதற்கான கிரேக்கச் சொல்லின் உள்ளே கிரேஸ்தோஸ் இருக்கிறது, அது கிறிஸ்தோஸ் மாதிரியே ஒலிக்கிறது, ஆகவே கிறிஸ்து இல்லாதவன் கிறிஸ்து உள்ளவன் ஆனான் என்று ஒரு வாரம் முழங்கினேன். கைதட்டல்கூட வந்தது. கூட்டம் முடிந்து எங்கள் ஆயர் ஐயாவிடம் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படிச் சொல்கிற அறிஞர்களும் உண்டும்மா. ஆனா ஒலி ஒத்துப்போறதை மட்டும் வெச்சு ஒரு மாடி கட்டாதே" என்றார். எழுத்துக்கூட்டத் தெரிந்த மூன்றாம் மாதத்தில்தான் இந்த வியாதி பிடிக்கும். எல்லாச் சொல்லுக்கும் உள்ளே ஒரு ரகசியம் இருக்கிற மாதிரித் தோன்றும். லெட்ஜரில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இருக்கலாம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். பென்சில் கட்டாயம் வேண்டும், எல்லாவற்றையும் பேனாவில் எழுதக்கூடாது.

'இருக்கலாம்' என்றதும் 15ஆம் வசனம் ஞாபகத்துக்கு வருகிறது. கொஞ்சக்காலம் "பிரிந்துபோனானாக்கும்" என்று பழைய தமிழ் முடிக்கிறது. அந்த 'ஆக்கும்' எனக்கு ரொம்பப் பிடித்த ஓசை. பவுல் அடித்துச் சொல்லவில்லை, ஒருவேளை இதற்காகத்தானோ என்னவோ என்று இழுக்கிறார். அந்த இழுப்பை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார்கள். ஆனால் கிரேக்க வினை 'பிரிந்தான்' இல்லை, 'பிரிக்கப்பட்டான்'. ஓடிப்போனவன் என்று நாம் முடிவு கட்டிய ஆளை, ஏதோ ஒரு கை பிரித்து வைத்தது என்கிறார் பவுல். ஓசையைக் காப்பாற்றியவர்கள் வினையை விட்டுவிட்டார்கள். பதிப்புகளுக்கு மார்க் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், ஒரே வரியில் ஒன்றே ஜெயிக்கும், தோற்கவும் செய்யும்.

இந்தக் கடிதத்தின் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதியே ஒரு பாப்பிரஸ் துணுக்கு. ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கிறது. அதில் மிஞ்சியிருப்பது 13 முதல் 15 வரையும், கடைசி இரண்டு வசனமும்தான், அதுவும் துண்டு துண்டாக. அந்தப் 'பிரிக்கப்பட்டான்' வசனம் அதில் இருப்பது எனக்கு ஏனோ சந்தோஷம்.

கணக்கு வசனத்துக்கு வருகிறேன், என் பிழைப்பே அதுதானே. "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்பதற்குக் கிரேக்கத்தில் இருப்பது வியாபாரச் சொல், இன்னார் பற்றில் எழுது என்பது. அடுத்த வரியில் பவுல், இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். அதாவது கடிதத்துக்கு நடுவிலேயே ஒரு புரோநோட்டு. 17இல் வரும் "உம்மோடே ஐக்கியமானவன்" என்பதும் கூட்டாளி, பங்காளி என்ற சொல்தான், மீன்பிடிப் படகில் பங்கு வைத்திருப்பவரையும் அதே சொல்லால் சொல்வார்கள். ஐக்கியம் என்றதும் நமக்கு ஜெபக்கூட்ட வாசனை வந்துவிடுகிறது, கடைத்தெரு வாசனை போய்விடுகிறது. ஆனால் கணக்கு வசனத்தை 1871இன் பழைய தமிழிலேயே கேட்டுவிட்டு ஆயா சொன்னார்: "இத்தத்தான் நான் நாடார் கடையில டெய்லி சொல்றேன். பேரன் இன்னா வாங்கினாலும் என் கணக்குல வெச்சிக்கன்னு." பழைய மொழிபெயர்ப்பு என்றாலே கடினம், புதியது என்றாலே எளிது என்று நானும் நினைத்தவள்தான். இந்த ஒரு வரியை 150 வருடத்துக்கு முன்னால் எழுதியவர்கள் கல்மண்டபம் மார்க்கெட்டில் நின்று கேட்டு எழுதின மாதிரி இருக்கிறது.

22இல் பவுல் எனக்கு ஒரு இருப்பிடத்தை ஆயத்தம்பண்ணும் என்கிறார். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாத்தையும் கெஞ்சிக் கேட்டுட்டு கடைசியில நான் வந்து தங்குவேன்னு வெக்கிறாரு பாரு. ஒழுங்கா நடத்தினியான்னு வந்து பாக்கப்போறாரு. நம்ம பெரிய நாத்தனார் இப்படித்தான்."

கடவுளைக் குறிக்கும் சொல்லே தமிழில் எத்தனை முறை மாறியிருக்கிறது என்பதும் இந்தச் சாக்கில்தான் தெரிந்தது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1714இலும் 1715இலும் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் சருவேசுரன். வேப்பேரியில் இருந்த மிஷனரி பப்ரிசியுஸ் தன் மொழிபெயர்ப்பில் பராபரன் என்றார். 1761இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துவந்த அச்சு இயந்திரம் அவர் கைக்கு வந்து வேப்பேரியில்தான் ஓடியது, எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். பிறகு மொழிபெயர்த்த மிஷனரி ரேனியுஸ் தேவன் என்றார், பவர் குழுவும் அதையே வைத்துக்கொண்டது. இப்போது கடவுள். புரசைவாக்கத்தில் லுத்தரன் சபையைச் சேர்ந்த என் ஆயா, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், சாகும்வரை 'பராபரனே' என்றுதான் ஜெபம் பண்ணினார். சின்ன வயதில் அது யாரோ வேறு சாமி என்று நினைத்திருந்தேன்.

ஆனால் ஒரு வருடத்தில் என்னை அதிகம் அலைக்கழித்த சொல் கடவுளும் இல்லை, அடிமையும் இல்லை. 'அவன்.'

கிரேக்கத்தில் மரியாதைப் பன்மை கிடையாது. இயேசுவுக்கும் ராஜாவுக்கும் அடிமைக்கும் ஒரே பிரதிப்பெயர், ஒரே முன்னிலை. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. வாயைத் திறந்தால் அவனா அவரா, நீயா நீரா என்று முடிவு செய்தாக வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. இயேசுவுக்கும் கடவுளுக்கும் அவர், மற்ற எல்லாருக்கும் அவன். பேதுருவும் சொன்னான்தான், பவுலும் சொன்னான்தான். கடவுளுக்கு முன்னால் எல்லாரும் சமம் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். பொது மொழிபெயர்ப்பில் பேதுருவும் பவுலும் கூறினார் ஆகிவிட்டார்கள், இன்றைக்கு எழுதுகிற தமிழுக்கு அதுதான் இயல்பு. ஆனால் ஒரு தடவை பெரிய மனிதர்களுக்கெல்லாம் 'அர்' கொடுத்துவிட்டால், மிச்சம் இருக்கும் 'அன்' எல்லாம் கீழே இருப்பவன் என்று ஒலிக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். கஸ்டம்ஸுக்கும் துறைமுகத்துக்கும் பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பவர், டீ வாங்கி வருபவர். பேர் ஆபீஸ் பையன். வயது 58. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்கூட, 'பையன் வந்தானா?' என்றுதான் கேட்கும். 16ஆம் வசனத்தை ஆறாவது பத்தியில் எழுத உட்கார்ந்த அன்று எனக்கு அவர் ஞாபகம் வந்தது. இனி அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனையும் ஏற்றுக்கொள்ளும்' என்று எப்படி எழுதுவது? பவுலை ஏற்றுக்கொள்வதுபோல என்றால், பவுல் வந்தால் பிலேமோன் வீட்டில் 'அவன் வந்திருக்கிறான்' என்றா சொல்வார்கள்? 15வரைக்கும் அவன், 16இலிருந்து அவர் என்று மாற்றி எழுதினேன். எனக்கே சிலிர்த்தது. கிரேக்கத்தில் இல்லாத ஒரு திருப்பம் தமிழில் கிடைத்துவிட்டது என்று வியாழக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன்.

படித்துக் காட்டியதும் அத்தை தலையை ஆட்டினார், இல்லை என்று. "பெத்த பிள்ளைங்கிறாரு, என் வயிறுங்கிறாரு, அப்புறம் அவருன்னு சொல்வாரா? உன் புருஷனை நான் அவருன்னா சொல்றேன்? அவன்தான் பாசம். நீ அவரு போட்டதும் அந்தப் பிள்ளை எங்கியோ தூரமாப் போயிடிச்சி."

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி விடவில்லை. "எங்கப்பாவைப் பஞ்சாலையில சூப்பர்வைசர் அவன்னுதான் சொல்வான் அத்தை. அது பாசமா?"

மாடியில் ஒரே சத்தம். பவுல் சொன்னால் பாசம், பிலேமோன் சொன்னால் அதிகாரம், வாசிக்கிற நாம் சொன்னால் என்ன? ஒரே பிரதிப்பெயர், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. இப்போது மேலே போய்ப் பார்த்தால் இந்தக் கட்டுரையிலேயே நான் ஒநேசிமுவை எத்தனை இடத்தில் அவன் என்று எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது. என் லெட்ஜரில் 16க்கு நேராக இரண்டும் பென்சிலில்தான் இருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று.

கடைசி வாரம் ஆயா கேட்டார், "அப்பால அவன் இன்னா ஆனான்? போய்ச் சேர்ந்தானா, வுட்டாங்களா?"

கடிதத்தில் இல்லை என்றேன். கொலோசெயருக்கு எழுதினதில் ஒரு வரி வருகிறது, "உங்களிலொருவனாயிருக்கிற" சகோதரன் ஒநேசிமு என்று. அவ்வளவுதான். அப்புறம் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா இக்னாசியார் எபேசு சபைக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், அதில் எபேசு சபைத் தலைவர் பேர் ஒநேசிமு. அதே ஆளா என்று சொல்ல முடியாது, சகஜமான பேர். தலைவர் என்பதற்கு அங்கே இருப்பது எபிஸ்கொபோஸ் என்ற சொல். எங்கள் பழைய தமிழில் அந்தச் சொல்லுக்கு 'கண்காணி' என்று போட்டிருப்பார்கள் என்றேன்.

"கண்காணின்னா?"

எஸ்டேட்டுல கூலிக்காரங்களை மேய்க்கிறவர் ஆயா. நம்ம துறைமுகத்துல மேஸ்திரி மாதிரி.

"மேஸ்திரி ஆயிட்டானா!" ஆயாவுக்கு ஒரே சந்தோஷம்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "எபிஸ்கொபோஸ்னா ஆயர்டி."

ஆயர்னா எங்க சபையில சாதாரணப் போதகர்தானே அத்தை, உங்க ஆயர் எங்களுக்குப் பேராயர் என்றேன்.

"எந்த ஆயரா இருந்தா இன்னா? ஆயரைப் போயி அவன் இவன்னு எழுதுவியா? அழிச்சிட்டு அவருன்னு போடு."

"ரெண்டும் வேற வேற ஆளா இருந்தா?" என்றார் ஆயா.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "இருந்தாலும் போடு."